கற்பிட்டிக் கோட்டையும் நமது பயண எழுத்தும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைக் கண்டு வந்து எழுதப்படும் பயணக் கட்டுரைகளை வாசிக்கும்தோறும் ஒரு குறை நமக்குப் புலப்படுகிறது. முன்னேஸ்வரத்தின் கோபுரம் அவற்றில் இருக்கிறது. தலவில அன்னம்மாள் தேவாலயம் இருக்கிறது. கற்பிட்டிக் கோட்டை தவறாமல் இருக்கிறது. மனிதரைத்தான் காணோம். கல்லையும் கடலையும் வருணித்துவிட்டு எழுத்தாளர் ஊர் திரும்பி விடுகிறார்.

இக்குறை வகுப்பறையிலேயே வேர்கொள்கிறது. 'நாம் சென்ற கல்விச் சுற்றுலா' என்னும் கட்டுரையைத் திருத்தாத தமிழாசிரியர் இல்லை. வண்டி விடியற்காலையில் புறப்படும். கோட்டை 'வானளாவ' நிற்கும் (கற்பிட்டிக் கோட்டையின் மதிலோ பக்கத்துத் தென்னையைவிடத் தாழ்ந்தது). இறுதியில் யாவரும் இன்புற்று வீடு சேர்வர். இந்த அச்சிலே வார்க்கப்பட்ட மாணவன்தான் பின்னர் பத்திரிகைகளில் பயண இலக்கியம் படைக்கிறான்.

கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் அதனைக் கட்டி முடித்தனர். போர்த்துக்கேயத் துறவியரின் சிற்றாலயம் இருந்த இடம் அது. பவளப் பாறைக் கற்களால் எழுந்த மதில்கள் இன்று கடற்படை முகாமின் எல்லைக்குள் நிற்கின்றன. இவ்வளவையும் நமது கட்டுரைகள் சொல்லிவிடுகின்றன. ஏன் அந்த முனையில் ஒரு கோட்டை என்ற வினாவை மட்டும் அவை எழுப்புவதில்லை. அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். உப்பும் துணியும் கருவாடும் புத்தளக் களப்பின் வழியே மலைநாட்டுக்கு ஏறின. களப்பின் வாயிலில் அமர்ந்தவன் மலைநாட்டுக் குடியானவனின் உலைக்கு உப்பை மறுக்க வல்லவனாகிறான். ஒல்லாந்தக் கம்பெனி அமர்ந்தது இதற்காகவே. ஆகவே கோட்டையைப் பார்க்கச் செல்பவன் புத்தளத்து உப்பளங்களையும் பார்த்தல் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று விளங்காது. உச்சி வெயிலில் பாத்தியில் உப்பு வாருகின்ற கூலியாளை நமது கட்டுரையாளர் பேருந்தின் சாளரத்தினூடே காண்கிறார். எழுதும்போது அவர் 'வெண்மணிக் குவியல்' ஆகிவிடுகிறார்.

இதே கரைக்கு 1344இல் ஒரு பயணி வந்தார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபுன் பதூதாவின் கப்பலைக் காற்று இங்கே தள்ளியது. இந்தத் துறை கொள்ளைக் கப்பல்களை ஏவும் கொடுங்கோலன் ஒருவனுடையது என்று மாலுமிகள் அஞ்சியதை அவர் மறைக்காமல் சொல்கிறார். அந்தக் கொடுங்கோலனே ஆரியச்சக்கரவர்த்தி. அவனுடைய சிறிய நகரத்துக்கு மரத்தாலான மதிலும் காவற்கோபுரங்களும் இருந்தன. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. மலபாரிலிருந்தும் மாபாரிலிருந்தும் வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர். ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்தனர். ஒரு துறைமுகத்தின் பொருளியலை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிய எழுத்து அரிது. இபுன் பதூதா மக்களின் எழுத்தாளரல்லர். முத்துகளைப் பரிசு பெற்று, மன்னன் தந்த பல்லக்கிலேறிச் சிவனொளிபாதமலைக்குச் சென்றவர். எனினும் எந்தப் பண்டம் எவர் கைக்குப் போனது என்று பார்க்கும் கண் அவருக்கிருந்தது. அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நமது எழுத்தில் அக்கண் திறக்கவில்லை.

கற்பிட்டி மண்ணிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியின் பணி வேறு வகையானது. 1834இல் வெளிவந்த இலங்கை விவரத்திரட்டில் அவர் ஊர்களை அகரவரிசையில் நிறுத்திக் குடிகளையும் தொழில்களையும் பதிவு செய்தார். 1859இல் தமிழ்ப் புளூட்டாக்கில் ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தார். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. விவரத்திரட்டில் ஆட்சியாளரின் கண்ணோட்டம் படிந்திருக்கிறது; மக்கள் அங்கே சாதிகளாக, இனங்களாக வகுக்கப்படுகின்றனர். ஆயினும் மக்கள் இருக்கின்றனர்! கோட்டைக்கு வழிகேட்டு வரும் தமிழ்ப் பயணிகளில் எத்தனை பேர் காசிச்செட்டியின் ஊருக்கு வந்திருக்கிறோம் என்று எண்ணியிருப்பர்?

ஒரு சின்னத்தின்மேல் மற்றொரு சின்னம் ஏறுவது வெற்றி கொண்டோரின் உலகப் பொது வழக்கம். 1521இல் வீழ்ந்த அஸ்டெக் தலைநகரின் பெருங்கோயிலை உடைத்து, அதன் அருகிலேயே ஸ்பானியர் தேவாலயம் எழுப்பினர். 1978இல் மெக்சிக்கோ நகரின் மின்சாரத் தொழிலாளர் நிலத்தைத் தோண்டியபோது சந்திரத் தேவதை செதுக்கப்பட்ட வட்டக்கல் மண்வெட்டியில் தட்டுப்பட்டது, அகழாய்வு தொடர்ந்தது, பெருங்கோயில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே செல்லும் பயணி தேவாலயத்தையும் அதனருகே உடைபட்ட கோயிலையும் சேர்த்தே பார்க்கிறான். சற்றே நடந்து தேசிய மாளிகைக்குப் போனால், தியேகோ ரிவேரா 1929இல் தொடங்கிய சுவரோவியத்தில், சவுக்கடிபட்டு உழைத்த பூர்வகுடிகளையும் காண்கிறான். வென்றவனின் கல்லும் சுமந்தவனின் முதுகும் ஒரே நடைத் தொலைவில் இருக்கின்றன. கற்பிட்டியில் அத்தகைய சுவர் இல்லை. எழுத்தாளன்தான் அந்தச் சுவராக வேண்டும்.

பதிவுக்குரிய செய்திகள் இக்கரையில் குறைவா? உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு இருக்கிறது. இவை பயணக் கட்டுரைகளில் 'கண்கொள்ளாக் காட்சி' என்ற ஒரே சொற்றொடருக்குள் அடக்கப்படுகின்றன. வலையின் பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது, சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவனுக்கு எவ்வளவு என்பது காட்சியின்பத்துக்கு இடையூறு போலும்.

இவற்றினும் பெரிய மௌனம் ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார்ப் பகுதியினர் பலர் வள்ளங்களிலேறிக் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். புத்தளத்தின் மணல்வெளிகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. முகாமிலேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தனர். கோட்டைக்குச் செல்வோர் இக்குடியிருப்புகளைக் கடந்தே செல்கின்றனர். விரட்டியவர்கள் தமிழரின் பேரால் விரட்டினர். விரட்டப்பட்டோரின் தாய்மொழியும் தமிழே. முன்னேஸ்வரத்தை இடித்த போர்த்துக்கேயரைப் பற்றி உரத்த குரலில் எழுதும் நமது பயண எழுத்தாளர், வள்ளங்கள் கரைதட்டிய இடத்துக்கு வந்ததும் கடற்காற்றின் இனிமையை வருணிக்கத் தொடங்கிவிடுகிறார்.