சம்பளமில்லாத ஆட்டமும் ஷேன் ஓடானலின் பதினோரு ஆண்டுகளும்

2013 செப்டம்பர் 28 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில், மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி இரண்டாம் முறையாக நடந்தது. முதல் ஆட்டம் சமனில் முடிந்திருந்தது. கிளேர் மாவட்ட அணியில் தொடக்கத்திலேயே களமிறங்கப் போகிறோம் என்பது 19 வயது ஷேன் ஓடானலுக்கு அன்று சில மணி நேரம் முன்புதான் தெரியும். இருபது நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தார். ஹர்லிங்கில் ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி. கார்க் மாவட்டத்தை வென்று கிளேர் கோப்பையைத் தூக்கியது.

இப்படி ஒரு நாள் வாய்த்த இளைஞனின் பிற்காலத்தைக் கால்பந்தில் சுலபமாக ஊகித்துவிடலாம்: பெரிய கிளப், பெரிய ஒப்பந்தம். ஹர்லிங்கில் அந்தக் கதவே கிடையாது. 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றுவரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. சிறுவன் தன் தேவாலயப் பங்கின் கிளப்பில் மட்டை பிடிக்கிறான். திறமை தெரிந்தால் மாவட்டத்தின் சிறார் அணி, பிறகு இளையோர் அணி, கடைசியில் முதுநிலை அணி. வேறு மாவட்டம் விலைக்கு வாங்க முடியாது. பகலில் ஆசிரியராகவோ விவசாயியாகவோ மாணவராகவோ இருப்பவர்தான் மாலையில் பயிற்சிக்கு வருகிறார். ஓடானல் அப்போது கார்க் பல்கலைக்கழக மாணவர். தோற்கடித்த ஊரிலேயே படித்துக்கொண்டிருந்தார்.

இளம் வயதில் புகழடைந்தவர்கள் அங்கே பலர். 2008இல் கால்வேயின் ஜோ கேனிங், 19 வயதில், கார்க்குக்கு எதிராகத் தன் அணி எடுத்த 2-15இல் (இரண்டு கோல், பதினைந்து புள்ளி) 2-12ஐத் தானே அடித்தார். அப்படியும் கால்வே தோற்றது. முதுநிலைக் கோப்பை அவர் கைக்கு 2017இல்தான் வந்தது; 2021இல் மாவட்ட ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். 2013இல் ஓடானலுடன் ஆடிய டோனி கெல்லி, அந்த ஆண்டின் சிறந்த வீரர், சிறந்த இளம் வீரர் ஆகிய இரண்டு விருதுகளையும் ஒருசேரப் பெற்றார். அவருக்கும் வயது 19தான். கிளேரின் 21 வயதுக்குட்பட்டோர் அணி 2012 முதல் 2014 வரை மூன்று ஆண்டும் தொடர்ந்து வாகை சூடியது. இனி பத்தாண்டு இவர்களுடையதுதான் என்று எவரும் நம்பியிருப்பார்கள். ஆனால் 2018, பிறகு 2020 முதல் 2023 வரை என ஐந்து கோப்பைகளை லிமெரிக் கொண்டுபோனது.

சிறார் பருவத்து வெற்றிகளை வைத்து முதுநிலையைக் கணிக்கும் பழக்கம் விளையாட்டு எழுத்தில் வேரூன்றியிருக்கிறது. எனக்கு அது போதாததாகவே படுகிறது. இடையில் உடல் மாறுகிறது, படிப்பு முடிகிறது, வேலை வேறு ஊருக்கு இழுக்கிறது. ஓடானல் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வரை போனார்; ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஹார்வர்டிலும் ஆய்வு செய்தார். ஆட்டம் தன் வாழ்க்கையின் ஒரு பகுதி மட்டுமே என்று வெளிப்படையாகப் பேசியவர். அந்த நிலைப்பாடு அவருடைய ஆட்டத்தைக் குறைக்கவில்லை. இத்தனை காலம் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்ததே அந்த நிலைப்பாடுதான் என்று நான் கருதுகிறேன்.

2021இல் தலையில் பட்ட அடி அவரை முடக்கியது. தலைக்கவசம் 2010 முதலே எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் மண்டையைக் காக்கும் கவசத்தால் உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்க முடியாது. இனி ஆடவே முடியாதோ என்ற நிலைக்குப் போனார். ஆய்வு செய்து வாழும் ஒருவருக்கு மூளை அடிபடுவது விளையாட்டுக் காயம் மட்டுமல்ல, வாழ்வாதாரத்தின் மீதே விழும் அடி. அந்த அனுபவத்தை அவர் மறைக்காமல் பேசியது, கோப்பைகளுக்கு இணையான பங்களிப்பு. வலியை விழுங்கிக்கொள்வதே வீரம் என்று பழகிய களத்தில் அதற்குத் துணிவு வேண்டும்.

2022இல் திரும்பினார். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மன்ஸ்டர் மாகாண இறுதியில் கிளேர் லிமெரிக்கிடம் தொடர்ந்து தோற்றது. ஆனாலும் 2024 ஜூலையில் அகில அயர்லாந்து இறுதிக்கு வந்தது: மீண்டும் குரோக் பார்க், எதிரே மீண்டும் கார்க். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 3-29க்கு 1-34; ஒரே ஒரு புள்ளியில் கிளேர் வென்றது. அணித்தலைவர் டோனி கெல்லி. அந்த ஆண்டின் சிறந்த வீரராக ஓடானல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 30.