சூதும் ஆட்டமும்

தமிழிலக்கியம் சூதைக் கடிந்துரைக்கும் இலக்கியம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது தனி அதிகாரமாக நிற்கின்றது. சூதில் பெறும் வெற்றி, மீன் தூண்டில் முள்ளை விழுங்கியதை ஒக்கும் என்பது வள்ளுவர் எச்சரிக்கை. இதனைப் பயின்றவர், ஜூரோங் அடுக்குமாடி வீடொன்றில் சீன முதியவர் நால்வர் மாஜோங் ஆடக் காணின் முகஞ்சுளித்தல் இயல்பே. ஆயினும் அம்முகச்சுளிப்புக்கு இலக்கியம் முழுதும் இடந்தருகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளைக் காண்க. நூலறிவின்றி அவையில் பேசுதல், கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு உவமிக்கப்படுகின்றது. ஆட்டம் அங்கே இழிவாகவில்லை, முறைமைக்கு அளவுகோலாகின்றது. தொல்காப்பியரும் 'வல்' என்னும் ஆட்டப் பெயரோடு நாய், பலகை என்னும் சொற்கள் புணர்வதற்கு விதி கூறினார். ஈண்டு நாய் என்பது விலங்கன்று, ஆட்டக்காய்.

இவ்வல்லாட்டத்தையே புறநானூற்று 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் எடுத்தாள்கின்றார். பகைவர் நாட்டின் அழிவைக் காட்ட அவர் தேர்ந்தது இடிந்த கோட்டையை அன்று, பாழ்பட்ட பொதியிலை. நரைத்த முதியவர் காய்வைத்து ஆடியாடிக் குழிந்த இடத்தில் இன்று காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. முதியோர் கூடியாடுதல் ஊர் வாழ்வதன் அடையாளம். அது நின்றமை ஊர் மாண்டதன் அடையாளம். இதுவே புலவர் கருத்து.

மாஜோங்கின் இன்பமும் இத்தகையதே. நால்வர் கூடினாலன்றி ஆட்டம் நிறைவதில்லை. ஒருவர் வாராவிடின் மற்றை மூவரும் அவரைத் தேடுவர். எட்டுக் கைகள் காய்களைக் கலைக்கும் ஓசையினிடையே பேரப்பிள்ளைகளின் படிப்பும், மூட்டுவலியும், மீன்விலையும் பேசப்படும். சீனர் இழவுவீட்டிலும் இரவு முழுதும் துணையிருப்போர் இதனை ஆடுவதுண்டு. 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிங்கப்பூர்ச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமும், உறவினரும் நண்பரும் வீட்டில் கூடியாடுவதை, அது வணிகமாகாதவரை, குற்றமாகக் கொள்ளவில்லை.

பணயம் பெருகிக் குடும்பத்தை விழுங்கின் மாஜோங்கும் சூதே. அவ்விடத்தில் வள்ளுவர் வாக்கு மாறாது நிற்கும். ஆனால் கதவடைத்த வீட்டில் தனித்திருக்கும் முதியவரைக் கண்டு அமைதியுறுவோர், கூடியாடும் முதியவரைக் கண்டு மட்டும் மனங்கோணுவது முறையாகாது. சூது அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அப்புறப்பாட்டையும் உடன்வைத்துக் கற்பிப்பாராயின், மாணாக்கர் சூது வேறு, ஆட்டம் வேறு எனத் தெளிவர். தம் வீட்டுப் பாட்டனார்க்கு எதிரே ஒருபொழுது அமர்ந்து ஆடவும் முற்படுவர்.