பழைய பெயின்ட்டை உரிக்க எது சரி: டெட்டாலா, ஆல்கஹாலா, அல்ட்ராசோனிக் மெஷினா?

சின்னப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் விளையாட்டின் புதுப் பெட்டி விலையைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் பழைய சரக்குச் சந்தைதான். ஈபேயிலும், இங்கிலாந்தில் விளையாட்டு மன்றங்கள் நடத்தும் கைமாற்று விற்பனைகளிலும் ஒரு முழுப் படையே மலிவாகக் கிடைக்கும். கூடவே, யாரோ ஒரு பையன் பன்னிரண்டு வயதில் அப்பிவைத்த பெயின்ட்டும் வந்து சேரும். முகம் எது, தாடி எது என்று தெரியாத அளவுக்கு.

அதை உரித்தெடுக்க ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். டெட்டால் என்பார்கள், ஆல்கஹால் என்பார்கள், காரின் பிரேக் ஆயில் என்றுகூடச் சொல்வார்கள். அண்மைக்காலமாக அல்ட்ராசோனிக் கிளீனரும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையிலும் நகைக்கடையிலும் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒன்று உர்ரென்று இரைந்துகொண்டிருக்குமே, அதுதான். பிரேக் ஆயிலை நான் தொடவே இல்லை. தோலுக்கும் ஆகாத, கொட்டவும் இடமில்லாத ஒன்றை ஒரு பொம்மைக்காக வீட்டுக்குள் கொண்டுவர மனம் வரவில்லை. மற்றவற்றைப் பழைய உருவங்கள் மேல் போட்டுப் பார்த்தேன்.

எந்தத் திரவம் என்று கேட்பதற்கு முன் பொம்மை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நாட்டிங்ஹாமில் தலைமையகம் வைத்திருக்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப் 1983-ல் வார்ஹாமரையும், 1987-ல் வார்ஹாமர் 40,000-ஐயும் கொண்டுவந்தது. அன்றிலிருந்து உலோகம், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், ரெசின் என்று மூன்று பொருள்களிலும் உருவங்கள் வந்திருக்கின்றன. உலோகம் கனத்திலேயே தெரிந்துவிடும். பிளாஸ்டிக்கும் ரெசினும்தான் குழப்பும். அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும், ரெசின் பொடியாக உதிரும். 2011-ல் வந்த ஃபைன்காஸ்ட் வரிசை ரெசின்தான். காற்றுக்குமிழி விட்ட சின்னச் சின்னக் குழிகளை வைத்தே அதை அடையாளம் கண்டுவிடலாம்.

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருக்கும் அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பெயின்ட்டோடு பொம்மையும் போய்விடும். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் எத்தில் அசிட்டேட்டும் அதே வேலையைத்தான் செய்யும். உலோக உருவத்துக்கு மட்டும் அசிட்டோனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பீடத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில்.

முதலில் டெட்டால். பிரிட்டனில் பல காலமாகப் புழங்கும் கைமருந்து இது. தண்ணீர் கலக்காமல் ஊற்றி, பொம்மை முங்கும்படி ஒரு நாள் ஊறவைத்தால் பெயின்ட் வழுக்கிக்கொண்டு வருகிறது. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தீங்கில்லை. ஆனால் ஊறிய பொம்மையை நேராகக் குழாயடியில் காட்டினீர்களோ, தொலைந்தது. டெட்டாலில் தண்ணீர் பட்டதும் பால்போல வெளுக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே அந்த வெளுப்போடு, இளகிய பெயின்ட் முழுவதும் பிசின் மாதிரி ஆகி, பிரஷ்ஷிலும் விரலிலும் பொம்மையின் அக்குளிலும் ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் போகும்வரை டெட்டாலைத் தொட்டுத் தொட்டே தேய்த்து, இன்னொரு கிண்ணம் டெட்டாலில் அலசி, கடைசியில்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். முடிந்த பிறகும் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. பூனை வளர்க்கிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். அதில் உள்ள குளோரோசைலினால் பூனைக்கு நஞ்சு.

அடுத்தது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் அதே திரவம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கிலும் வேலை நடக்கும், ஆனால் மீதி முப்பதும் தண்ணீர் என்பதால் இழுத்தடிக்கும். மூடியுள்ள பாட்டிலில் வார்ஹாமர் 40,000-ன் கவச வீரர்களான பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரீன்களைப் போட்டுவைத்தேன். சிறிது நேரத்திலேயே பாட்டிலின் அடியில் நீலமும் சிவப்பும் மேகமாக இறங்கத் தொடங்கிவிட்டன. எடுத்துப் பார்த்தால் தோள்கவசத்தின் மேல் பெயின்ட் சுருங்கி, சாறு வற்றிய திராட்சைத் தோல்போல நின்றது. பழைய டூத்பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்ததும் அடியிலிருந்த ஆணித்தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரெசினை மட்டும் இதில் நீண்ட நேரம் விடக்கூடாது. ஊறினால் இளகிப்போகும், மெல்லிய வாள்கள் வளையும். சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்த்து, மறுபடி ஊறவிட்டு என்று தவணை முறையில்தான் செய்ய வேண்டும்.

ஆல்கஹாலுக்கும் மசியாதவை உண்டு. பழைய எனாமல் பெயின்ட் ஒன்று. கார் ஒர்க்ஷாப் ஸ்ப்ரே பிரைமர் இன்னொன்று. இவற்றுக்காக பயோஸ்ட்ரிப் 20 என்ற பசையைப் பூசிப் பார்த்தேன். பிரிட்டன் ஆட்கள் மெச்சும் சரக்கு இது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, நெடியும் அதிகமில்லை. தடிமனாகப் பூசி, காயாமல் ஒரு டப்பாவில் மூடிவைத்து, பிறகு தேய்த்துக் கழுவ வேண்டும். வேலை சுத்தம். ஆனால் சங்கிலிக் கவசத்தின் இண்டு இடுக்குகளில் பசையே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை எடுப்பது தனி வேலை.

இனி மெஷின். தொட்டியின் அடியில் உள்ள கருவி ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை நீருக்குள் செலுத்தும். அதில் நுண்ணிய குமிழிகள் உருவாகி, உருவான வேகத்தில் நொறுங்கும். அந்த நொறுங்கல்தான் அழுக்கை அடித்துக் கிளப்புகிறது. உங்கள் மெஷினில் சக்தி இருக்கிறதா என்று பார்க்க அலுமினியத் தாள் ஒன்றை நீரில் தொங்கவிட்டு ஓட்டுங்கள். சிறிது நேரத்தில் அதில் பொத்தல்கள் விழ வேண்டும். விழாவிட்டால் அது அதிர்கிற தொட்டி, அவ்வளவுதான்.

ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்த்து முடித்த உலோக காப்ளின் (குட்டிப் பூத) பொம்மை ஒன்றை, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் இறக்கினேன். பற்களுக்கிடையிலும் சங்கிலிக் கவசத்தின் வளையங்களுக்குள்ளும் பிரஷ் எட்டாமல் தங்கியிருந்த கறுப்பு பிரைமர், புகை மாதிரிக் கிளம்பி வந்தது. பார்க்கவே ஒரு சுகம்! ஆனால் அதே தொட்டியில் பிளாஸ்டிக் வீரர்களைப் போட்டபோது சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. கெட்டியான பொருளில்தான் இந்த அதிர்வு நன்றாக எடுபடும், பிளாஸ்டிக் அதை உள்வாங்கித் தணித்துவிடும். ஊறவைக்காத பொம்மையை நேரடியாகப் போட்டால் உலோகத்திலும் பெயின்ட் அசையாது. விளம்பரப் படங்களில் இதைச் சொல்வதில்லை.

தொட்டியில் நேரடியாக ஆல்கஹாலை ஊற்றச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். ஒரு பொறி பட்டால் சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். கீழே மின்சுற்று, மேலே சூடேறும் திரவம். இது விஷப்பரீட்சை.

எந்த முறையானாலும் சூப்பர் குளூ ஒட்டுகள் விட்டுப்போகும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கோணலாக ஒட்டிய கையைத் திருத்த அது வாய்ப்பும்கூட. பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டியது விடாது, அது பொருளையே உருக்கி இணைத்த இணைப்பு. பிளாஸ்டிக்கில் சிவப்பு, பச்சைக் கறை கொஞ்சம் தங்கினால் விட்டுவிடுங்கள். புது பிரைமர் அடித்தால் மறைந்துபோகும். பயன்படுத்திய ஆல்கஹாலைச் சாக்கடையில் கொட்டாமல், மூடிவைத்துத் தெளியவிட்டு, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டினால் மறுபடி பயன்படும்.

1990-களுக்கு முந்தைய உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. அவற்றை அரம் போட்டு ராவாதீர்கள். சமையல் பாத்திரத்தில் ஊறவைக்காதீர்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

நாற்பது, ஐம்பது உலோக உருவங்கள் கையில் இருந்தால் மெஷின் வாங்குங்கள், காசுக்கு மோசமில்லை. பிளாஸ்டிக் படை வைத்திருப்பவருக்கு அது வீண்செலவு. ஒரு லிட்டர் 99 சதவீத ஆல்கஹால், மூடி இறுகும் ஒரு பாட்டில், ஒரு பழைய டூத்பிரஷ் போதும். என் மதிப்பெண்: ஆல்கஹாலுக்கு ஐந்தில் நாலரை, பயோஸ்ட்ரிப்புக்கு மூன்றரை, மெஷினுக்கு மூன்று, டெட்டாலுக்கு இரண்டு.