காதில் விழுந்த சேதி

அசலை மிஞ்சிய நகல் உண்டா என்பது பாட்டுக் கேட்பவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் எழும் வாதம். அந்த வாதமே செல்லுபடியாகாத ஒரு பாட்டு அமெரிக்க சோல் இசையில் இருக்கிறது: ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’. உலகறிந்தது மார்வின் கே பாடியதுதான். ஆனால் அது தனி இசைத்தட்டாக வருவதற்கு ஓராண்டு முன்பே கிளாடிஸ் நைட்டும் அவருடைய பிப்ஸ் குழுவும் பாடியது வெளிவந்து சக்கைப்போடு போட்டிருந்தது. அப்படியென்றால் கிளாடிஸ் அசல், மார்வின் நகலா? இல்லை. மார்வின் 1967 வசந்தத்திலேயே பாடி முடித்துவிட்டார். கிளாடிஸ் பாடியது அதற்குப் பிறகு. சரி, மார்வின்தான் முதலா? அதுவும் இல்லை. 1966-இலேயே ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு இதைப் பாடிப் பதிவு செய்தாயிற்று. மூன்றுக்கும் தயாரிப்பாளர் ஒரே ஆள்.

அவர் பெயர் நார்மன் விட்ஃபீல்ட். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்துக்காரர். பாரெட் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து பாட்டை எழுதியவரும் அவர்தான். மோட்டவுனின் ஒலிப்பதிவுக் கூடம் வெஸ்ட் கிராண்ட் புலவார்டு சாலையில் ஒரு சாதாரண வீடு. முகப்பில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று எழுதியிருக்கும். உள்ளே ராப்பகலாகப் பதிவு நடக்கும். பதிவானதையெல்லாம் ஒரு கூட்டத்தில் போட்டுக் கேட்டு, எதை வெளியே விடலாம் என்று முடிவு செய்வார்கள். முதலாளி பெர்ரி கோர்டி ஒரு காலத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தரக் கட்டுப்பாடு என்ற சங்கதியையே அங்கிருந்துதான் பாட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்தில் மிராக்கிள்ஸ் பாடியது தேறவில்லை. மார்வின் பாடியதும் தேறவில்லை. அவர் பாடிய வேறொரு பாட்டை கோர்டி வெளியிட்டார். விட்ஃபீல்ட் சளைக்கவில்லை. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த குரலைத் தேடிப் போனார்.

பாட்டின் கதை ரொம்பச் சின்னது. தன் துணை தன்னை விட்டுப் பழைய காதலிடம் திரும்பப் போகிறது என்ற சேதி ஒருவர் காதில் விழுகிறது. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. ஊர் வாய் சொல்கிறது. அவ்வளவுதான். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்போமே, அதில் முதல் இரண்டு பங்குக்குச் சமமான ஒரு பழமொழியும் பாட்டின் நடுவில் வருகிறது. மூன்றாவது பங்கைப் பாட்டு சொல்லவில்லை. அதைப் பாடுபவரிடம் விட்டுவிடுகிறது. இவர் விசாரிக்க வந்திருக்கிறாரா, அல்லது விசாரிக்கத் தெம்பில்லாமல் அப்படியே நம்பிவிட்டாரா? எந்த வடிவத்தைக் கேட்டாலும் நான் முதலில் காது கொடுப்பது இதற்குத்தான்.

மிராக்கிள்ஸ் வடிவத்தில் விடை இல்லை. ஸ்மோக்கிக்குப் பட்டுக் குரல். கெஞ்சலும் சிருங்காரமும் அவருக்கு ஊற்றாக வரும், சந்தேகம் வராது. நன்றாகத்தான் பாடியிருக்கிறார், பாட்டுக்குள்தான் போகவில்லை. 1968-இல் ஓர் ஆல்பத்தின் இடையில் ஒரு பாட்டாக வந்து போயிற்று.

கிளாடிஸ் விஷயம் வேறு. 1967 நடுவில் அமெரிக்க வானொலியில் அரீதா ஃபிராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அதைவிடக் காரமாக ஒன்று செய்து காட்டவேண்டும் என்பது விட்ஃபீல்டின் வேகம். கிளாடிஸ் அட்லாண்டாக்காரர், சிறுவயதிலிருந்து தேவாலயத்தில் பாடியவர். பிப்ஸ் என்றால் அவருடைய அண்ணனும் உறவுக்காரப் பையன்கள் இருவரும். சேர்ந்தே வளர்ந்த குரல்கள். பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போய், யார் எந்த இடத்தில் நுழைவது, எந்தச் சொல்லை வாங்கித் திருப்பிக் கொடுப்பது என்று வாரக்கணக்கில் பழகிவிட்டு வந்து பாடினார்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு அடியிலும் காதுக்குத் தெரிகிறது. ஓட்டமான தாளம். கிளாடிஸ் ஒரு வரியை வீசுகிறார். அது கீழே விழுவதற்குள் பின்னால் நிற்கும் மூன்று ஆண்களும் ஏந்தி, ஆமாம் ஆமாம் என்பதுபோல் மேலே அனுப்புகிறார்கள். இவர் அழுகிறார்தான், ஆனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழுகிறார். வாசற்படியில் நின்று, சொந்தபந்தத்தைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிட்டு அப்புறம் போ என்று கேட்கிற குரல் அது. தீர விசாரிக்க வந்த குரல்.

1967 செப்டம்பரில் வெளியான அந்த இசைத்தட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடமும் பாப் பட்டியலில் இரண்டாமிடமும் பிடித்தது. பாட்டின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. 1968 ஆகஸ்டில் மார்வினின் ஆல்பம் ஒன்று வந்தது. அதில் அந்தப் பழைய ஒலிப்பதிவும் இடம்பெற்றிருந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் ஆல்பத்திலிருந்து அந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்து ஒலிபரப்ப, கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, அக்டோபர் கடைசியில் நிறுவனம் அதைத் தனித்தட்டாக விட்டது. டிசம்பரில் முதலிடம், ஏழு வாரம் அங்கேயே. ஒன்றரை வருடம் அலமாரியில் கிடந்த பாட்டு, மோட்டவுனின் அதுவரைக்குமான பெரிய வெற்றியாயிற்று.

அதன் முதல் இருபது விநாடியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுருதியில் எலெக்ட்ரிக் பியானோ ஒரு சிறு சொற்றொடரை இரண்டு முறை முணுமுணுக்கிறது. டாம்பரின் சலசலக்கிறது. டிரம்ஸ் அடிக்கிறது, ஆனால் உரத்து அல்ல. அதன்மேல் பிரெஞ்சு ஹார்ன், பின்னால் வயலின்கள். கிளாடிஸ் பாட்டில் தேவாலயத்துக் கைத்தட்டலின் வெளிச்சம் உண்டென்றால் இங்கே விளக்கையே ஏற்றவில்லை. வாசித்தவர்கள் மோட்டவுனின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள். இரண்டு பாட்டிலும் அதே கூட்டம்தான், அதே கூடம்தான். வேகத்தைக் குறைத்து மைனர் சுருதியின் இருட்டை முன்னுக்குக் கொண்டுவந்ததும் கதையின் ஆள் மாறிவிட்டான்.

குரலுக்கு வருவோம். மார்வினுக்கு இயல்பாகப் படியும் சுருதியை விட மேலே வைத்துத்தான் பாடவேண்டும் என்று விட்ஃபீல்ட் அடம்பிடித்தார். இருவருக்கும் அதில் வாக்குவாதம். மார்வின் மெத்தென்று பாடுகிற நாயகக் குரல். கஷ்டப்பட்டுப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. விட்ஃபீல்டுக்கு வேண்டியிருந்தது அந்தக் கஷ்டம்தான். இதே வித்தையை டெம்டேஷன்ஸ் குழுவின் டேவிட் ரஃபினிடம் 1966-இல் செய்து பலன் பார்த்திருந்தார். பலன் இங்கேயும் தெரிகிறது. சேதி தன்னைத் தூக்கிவாரிப்போட்டது என்று சொல்லும் வரியில் மெட்டு மேலே ஏறுகிறது; மார்வினின் குரல் அங்கே தொண்டையில் உரசி, கொஞ்சம் கிழிந்து, பொய்க்குரலுக்குள் நழுவித் தப்பிக்கிறது. நடித்துக் காட்டிய வலி அல்ல. எட்டாத இடத்தை எட்டுகிற உடம்பின் வலி. ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற ஊர்ச்சொல்லைத் தொடும் வரி ஒன்று இந்த வடிவத்தில் உண்டு. அதை அவர் பாடும்போது கண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது.

இன்னொன்று. இந்த ஒலிப்பதிவில் பின்னணி பாடுபவர்கள் ஆண்டான்டேஸ் என்ற மூன்று பெண்கள். மோட்டவுனின் எத்தனையோ பாட்டுகளில் பாடிவிட்டு, உறையில் பெயர்கூட வராமல் போனவர்கள். கிளாடிஸ் பாட்டில் பின்னணிக் குரல்கள் பாடகியின் கட்சி. இங்கே அந்தப் பெண்கள் யார் கட்சி? மார்வின் துடித்துக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டின் தலைப்பு வரியை அலுங்காமல் குலுங்காமல் திரும்பச் சொல்கிறார்கள். தெருமுனையில் நின்று சேதி பரிமாறும் ஊர் அதுதான் என்று எனக்குத் தோன்றும். யாரிடமிருந்து கேள்விப்பட்டானோ அவர்களே பின்னால் நின்று பாடுகிறார்கள். அவன் எங்கே போய் விசாரிப்பது? விட்ஃபீல்ட் இதை நினைத்துத்தான் செய்தாரா என்ற கேள்வி எனக்கு அவசியமில்லை; காதில் அப்படி விழுகிறது, போதும்.

வாத்தியங்களை நீக்கி மார்வினின் குரலை மட்டும் பிரித்தெடுத்த பதிவு இணையத்தில் உலவுகிறது. கேட்டுவிட்டு ஒருதரம் அசலுக்குத் திரும்புங்கள். தனிக்குரலில் பிரமிப்பு மிச்சம், பயம் இல்லை. பயத்தில் பாதி அந்தப் பியானோவிலும் அந்தப் பெண்களிடமும் இருக்கிறது.

அப்புறம் வந்தவர்களில் கலிஃபோர்னியாவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவை விட்டுவிட முடியாது. 1970-இல், 11 நிமிடம். ராக் ரசிகர்கள் சிலருக்கு இது வேதம். ஜான் ஃபோகர்ட்டியின் கரகரத்த குரல் பிரமாதம்தான். ஆனால் கதையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு மீதியைக் கிட்டாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தாளம் அசைந்து அசைந்து போகிறது. நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்குச் சுகம். ஏமாற்றப்பட்டவன் ஒருவன் அதில் இருந்தான் என்பது ஏழாவது நிமிடத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? லண்டனின் ஸ்லிட்ஸ் குழுப் பெண்கள் 1979-இல் செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரெக்கே தாளம், வாயாலேயே முனகும் தொடக்கம், துக்கத்தைக் கேலி செய்யும் துடுக்கு. பாடிய ஆரி அப்புக்கு அப்போது 17 வயது. இந்த வயதில் ஊர் வம்பு சோகமா, வேடிக்கைதான். ரோஜர் டிரவுட்மன் 1981-இல் டாக்பாக்ஸ் குழாயை வாயில் வைத்துக்கொண்டு குரலை இயந்திரமாக்கி, ஆர் அண்ட் பி பட்டியலில் மறுபடி முதலிடம் வாங்கினார். ஆடலாம். அழ முடியாது.

என் தீர்ப்பு இது: பாட்டாகக் கேட்டால் மார்வின் முதலில், ஆனால் கிளாடிஸ் இரண்டாவது அல்ல. அவர் வேறொரு பாட்டைப் பாடியிருக்கிறார், அதில் அவருக்குப் போட்டியே கிடையாது. மார்வினின் வெற்றி அவருடையதை இப்படி மூடி மறைத்தது கிளாடிஸுக்கு உறுத்தியதில் நியாயம் உண்டு. புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் கிளாடிஸிலிருந்து தொடங்குங்கள், உடனே மார்வினுக்குப் போங்கள், நடுவில் வேறெதையும் போடாதீர்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம். மோட்டவுன் வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் அதில் கேட்கவே கேட்காது.