ஓநாயைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஹெர்மன் ஹெஸ்ஸே என்றால் நம்மவர்களுக்கு 'சித்தார்த்தன்'தான். திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பு அதைத் தமிழ் நூலாகவே ஆக்கிவிட்டது. போதாததற்கு, ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார் தலச்சேரியில் இருந்து மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு ஆற்றங்கரை அமைதியைத் தேடி 'ஸ்டெப்பன்வுல்ஃப்' நாவலைத் திறப்பவருக்குச் சவரக்கத்திதான் காத்திருக்கிறது.

1927-இல் பெர்லினில் எஸ். ஃபிஷர் பதிப்பகம் வெளியிட்ட நாவல் இது. நாயகர் ஹாரி ஹாலர், ஐம்பதாவது பிறந்தநாளில் தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தனக்குத் தானே அனுமதி கொடுத்து வைத்திருப்பவர். ஹெஸ்ஸேக்கு ஐம்பது வயது நிறைந்ததும் அதே ஆண்டில்தான். பெயரின் முதலெழுத்துகளும் ஒன்றே. பாதி மனிதன், பாதி புல்வெளி ஓநாய் என்று தன்னைக் கருதும் ஹாலரைப் படிக்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாக, 'இது என் கதை' என்று உரிமை கொண்டாடி வருகிறார்கள். இந்த வாசிப்புப் பழக்கத்தைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாவலே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இரவுத் தெருவில் விளம்பரப் பலகை சுமந்து போகிறவனிடம் ஹாலர் ஒரு மலிவுப் பிரசுரம் வாங்குகிறார். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதில் இருப்பது அவருடைய வாழ்க்கையே. புத்தகத்தில் தன்னைக் காணும் முதல் வாசகர் அவர்தான். போரை எதிர்த்து எழுதியதற்காகப் பத்திரிகைகளிடம் துரோகிப் பட்டம் வாங்கிய மனிதரின் தனிமை, வைமார் குடியரசுக் கால ஜெர்மனியில் வெறும் கற்பனை அல்ல. அந்தத் தனிமையில் கொஞ்சமாவது தன்னைக் காணாதவர் முதல் பாதியைத் தாண்டுவது கடினம்.

சிக்கல், தாண்டிய பிறகு தொடங்குகிறது. மனிதன், ஓநாய் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சிறுபிள்ளைத்தனம், ஒருவருக்குள் இருப்பது ஆயிரம் பேர் என்று அந்தப் பிரசுரமே ஹாலரைக் கேலி செய்கிறது. வாசகர்களோ அந்தக் கேலியைத் தள்ளிவிட்டு ஓநாயை மட்டும் பதக்கமாக நெஞ்சில் குத்திக்கொள்கிறார்கள். 1960-களின் அமெரிக்காவில் உளவியலாளர் டிமதி லியரி, இந்த நாவலின் இறுதியில் ஹாலர் நுழையும் மாய அரங்கத்தில் போதை அனுபவத்தைக் கண்டார். ஒரு ராக் இசைக்குழு நாவலின் பெயரையே சூட்டிக்கொண்டது. தன் நூல்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான், அதுவும் பெரும்பாலும் அதைக் கொண்டாடியவர்களால்தான் என்று ஹெஸ்ஸேயே பின்னாளில் எழுதினார்.

தன்னைத் தேடும் ஆவேசத்தில் பறிபோவது சிரிப்பு. பேராசிரியர் வீட்டு விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தளிப்பவர், பத்திரிகையில் வந்த ஒரு தேசத் துரோகியைத் திட்டித் தீர்க்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அந்தத் துரோகி என்பது அவருக்குத் தெரியாது. ஹாலரும் சளைத்தவரில்லை: வீட்டம்மா போற்றி வைத்திருக்கும் கதே படத்தைப் பழித்து விருந்தைக் கெடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மாய அரங்கத்தில் இன்னும் மோசம். அமைதிவாதியான அதே ஹாலர், இறையியல் பேராசிரியராகிவிட்ட பள்ளித் தோழனோடு மரத்தின்மேல் உட்கார்ந்து, சாலையில் வரும் கார்களைச் சுட்டு வீழ்த்துகிறார். அதில் அவருக்கு மகிழ்ச்சி வேறு. தன் மேன்மையை நம்பும் எவரையும் கூச வைக்கும் நகைச்சுவை இது. கடைசியில் அந்த அரங்கத்தின் நீதிமன்றம் அவருக்கு விதிக்கும் தண்டனை: தொடர்ந்து வாழ்வது, ஒருமுறை எல்லோராலும் சிரிக்கப்படுவது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. அங்கே ஆயுள் சந்தாவுக்குச் சிக்கிக்கொள்ளும் கடவுளைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். இங்கே வானொலிப் பெட்டியின் கரகரப்பைத் தாங்க முடியாமல் துடிக்கும் ஹாலரைப் பார்த்து, மாய அரங்கத்தில் தோன்றும் மொசார்ட் சிரிக்கிறார். சிரிப்பின் திசை மாறிவிட்டதால்தான் நமக்குச் சங்கடம்.

பழியை முழுக்க வாசகர்மேல் போடவும் முடியாது. ஹாலரின் புலம்பலுக்கு ஹெஸ்ஸே தாராளமாக இடம் விட்டிருக்கிறார். சிரிப்பைப் பற்றிய போதனை, சிரிப்பைவிடக் கூடுதல். ஹெர்மினேயும் மரியாவும் ஹாலருக்கு நடனமும் காதலும் கற்பிக்க வந்தவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஒரு மனிதர் தன்னை அறிந்துகொள்ள இத்தனை பெண்கள் பணிவிடை செய்ய வேண்டுமா என்ற எரிச்சல் இன்றைய வாசகருக்கு வரும், வரவும் வேண்டும். ஆனால் 'என் கதை' என்று படிக்கிறவருக்கு இந்தக் குறையும் கண்ணில் படாது. தன் புலம்பல் யாருக்குத்தான் நீளமாகத் தெரியும்?

புதிதாகப் படிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். ஹாலர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் உறவினர் எழுதியதாக வரும் முன்னுரையை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். நடுத்தர வர்க்கத்தை வெறுப்பதாகச் சொல்லும் அந்த ஓநாய், மாடிப்படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வாசலில் துடைத்து வைத்த செடிகளையும் தரை மெழுகின் வாசனையையும் ரசித்துக்கொண்டிருப்பது அங்கேதான் வருகிறது.