காற்றுக்கு விட்ட வழி

நியூயோர்க் நகரின் பார்க் அவெனியூவில் 432ஆம் இலக்கக் கட்டடம் 2015இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 426 மீற்றர் உயரம். பக்கமொன்று 28 மீற்றரளவான சதுரத் தளம். அடிமுதல் முடிவரை மாறாத ஒரே வடிவம். உயரம் அகலத்தின் பதினைந்து மடங்கு. இதனை வடிவமைத்த றபாயெல் வின்யோலியின் துணிவைப் பாராட்டியோர் பலர். அத்தூய சதுரத்திற்குக் கொடுக்கப்பட்ட விலை யாது என்பதே இங்கு நாம் வினவுவது.

உயர்ந்த கட்டடத்தைக் காற்று முன்நின்று தள்ளுவது மட்டுமே இடர் என்று கருதுதல் தவறு. இரு விளிம்புகளிலும் காற்றோட்டம் சுவரைவிட்டுப் பிரிந்து, இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிகளை உதிர்க்கின்றது. ஒவ்வொரு சுழியும் கழலுகையில் கட்டடம் காற்றின் திசைக்குக் குறுக்காக இழுபடுகின்றது. சுழிகளின் மீடிறன் கட்டடத்தின் இயல்பு மீடிறனை அண்மிக்குமாயின் பரிவு தோன்றி அசைவு பெருகும். கூரிய மூலைகளும் மாறாத குறுக்குவெட்டும் இதற்கு வாய்ப்பானவை. அடியிலும் நடுவிலும் முடியிலும் சுழிகள் ஒரே தாளத்திற் கழலும்.

ஆகவே, பன்னிரண்டு மாடிகளுக்கு ஒருமுறை இரு தளங்கள் கண்ணாடியின்றித் திறந்து விடப்பட்டன. ஊடே பாயும் காற்று சுழிகளின் ஒழுங்கைக் குலைக்கின்றது. பயனுள்ள உபாயமே. ஆயினும் அது மட்டும் போதாமையால் உச்சியில் அசைவைத் தணிக்கும் பாரிய திணிவுகளும் வைக்கப்பட்டன. (இத்திறந்த தளங்கள் அந்நகரின் தளப்பரப்புக் கணக்கிற் சேராமையால் கட்டடம் மேலும் உயர முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. காற்றுக்கு விட்ட வழி காசுக்கும் வழியாயிற்று!)

2004இல் முடிவுற்ற 508 மீற்றர் உயரமான தைபே 101இன் கதை வேறு. காற்றுச் சுரங்கப் பரிசோதனையிற் கூரிய மூலைகள் பெருஞ்சுமையை விளைவித்தமை கண்டு, மூலைகளைப் படிபடியாக வெட்டி உள்வாங்கினர். அடித்தளத் திருப்புதிறன் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. அங்கும் 660 தொன் எடையுள்ள தணிப்பான் தேவைப்பட்டதென்பது உண்மை. அக்கட்டடம் இத்துணை ஒடுங்கியதன்று என்பதும் உண்மை. ஆயினும் அங்கே காற்றின் பொருட்டு வடிவம் விட்டுக்கொடுத்தது. நியூயோர்க்கிலோ வடிவம் பிடிவாதமாய் நிற்க, துளைகளும் திணிவுகளும் அதற்காகப் பரிகாரம் தேடின.

பாதுகாப்பு வேறு, வாழ்வோரின் நிம்மதி வேறு. 2021இல் அக்கட்டடத்தின் குடியிருப்பு உரிமையாளர் சபை, அதனைக் கட்டி விற்றோர்மீது வழக்குத் தொடுத்தது. முறைப்பாடுகளுள் இரைச்சலும் அதிர்வும் இடம்பெற்றிருந்தன.