காளை இல்லாத ‘வாடிவாசல்’

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாவலுக்கு மினிமல் பாணியில் ஓர் அட்டை கேட்டால், வடிவமைப்பாளரின் கை முதலில் போய் நிற்கும் இடம் திமில். ஒரே இழுப்பில் ஒரு மேடு, அதிலிருந்து சரிந்து எழும் கழுத்து, நுனியில் இரண்டு கொம்பு. பின்னணிக்குச் செம்மண் நிறம். மேலே தலைப்பு, கீழே ஆசிரியர் பெயர், வேலை முடிந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் அடையாளம் தெரியும். மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வண்ண வண்ணமாகப் பரப்பிய அட்டைகளுக்கு நடுவே கிடந்தாலும் கண் நேராக அங்கே போகும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குறை அந்தக் காளையில்தான் இருக்கிறது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்ட பிறகு திமிலும் கொம்புமான அந்த நிழலுருவம் ஒரு முத்திரையாகிவிட்டது. டி-ஷர்ட்டில், ஆட்டோவின் பின்கண்ணாடியில், பைக் டேங்கில், டீக்கடைச் சுவரில் என்று எங்கும் அதே உரு. அதற்கு இன்று ஒரே பொருள்தான்: இனப் பெருமை. 1959இல் எழுத்து பிரசுரமாக வந்த அந்தச் சின்ன நாவலுக்குள் இருப்பது வேறு. செல்லாயி ஜல்லிக்கட்டில் தன் அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைக்க வந்து நிற்கிறான் பிச்சி. பக்கத்தில் மச்சான் மருதன். மேலே, மாட்டின் மானத்தைத் தன் மானமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஜமீன்தார். காரி பிடிபடுகிறது. பிடிபட்ட மாட்டை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். வீரத்தை வியந்துகொண்டே அந்த வீரத்தின் சொந்தக்காரன் யார், அதற்கு விலை கொடுப்பவன் யார் என்று பார்க்கும் நாவல் இது. அட்டையில் முத்திரைக் காளை ஏறிவிட்டால், படிக்கத் தொடங்கும் முன்பே வாசகர் பெருமிதத்தின் பக்கம் உட்கார வைக்கப்படுகிறார்.

மினிமல் அட்டையின் பலமும் பலவீனமும் ஒரே வேரில் இருப்பவை. கொஞ்சம் காட்டினால் போதும், மிச்சம் பார்ப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. சொல்லாமல் விட்டதை வாசகர் தன்னிடம் இருப்பதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அவரிடம் என்ன இருக்கிறது என்பது வடிவமைப்பாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. காலம் மாறினால் அட்டையில் ஒரு கோடு கூட மாறாமலே அதன் பொருள் மாறிவிடும். எல்லாவற்றையும் வரைந்து காட்டும் பழைய பாணி அட்டைக்கு இந்த ஆபத்து குறைவு. அது அலங்கோலமாக இருக்கலாம், ஆனால் ஜமீன்தாரையும் கூட்டத்தையும் ரத்தத்தையும் ஒரு மூலையிலாவது வரைந்து வைத்திருக்கும்.

இந்த நம்பிக்கை முழுதாகப் பலித்த இடமும் உண்டு. 2013இல் பென்குயின் வெளியிட்ட ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ பதிப்புக்கு டேவிட் பியர்சன் செய்த அட்டையில், தலைப்பும் ஆசிரியர் பெயரும் அச்சில் அழுத்திப் பதிக்கப்பட்டு, அவற்றின் மேலேயே கறுப்புப் பட்டை பூசப்பட்டிருக்கும். தணிக்கையைப் பற்றிய நாவலுக்குத் தணிக்கை செய்யப்பட்ட அட்டை. சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். அபாரமான யோசனை. ஆனால் உலகம் முழுக்க அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் பெயரை மறைக்க முடிந்தது. அதே உத்தியை மதுரைக்காரர் ப. சிங்காரத்தின் நாவலுக்குச் செய்தால் கடைக்காரரே எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் திரும்ப அனுப்பிவிடுவார்.

மதுரையைக் களமாகக் கொண்ட நாவல்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு, ஏனென்றால் இந்த ஊரில் அடையாளங்கள் மலிந்து கிடக்கின்றன. கோபுரம், காளை, மல்லிகை, இப்போது கீழடியின் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு. ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஏதோ ஓர் ஓட்டலின், துணிக்கடையின், சுற்றுலாப் பதாகையின் சின்னம். நாவல் மதுரையில் நடக்கிறது என்பதற்காகக் கோபுரத்தை நான்கு கோடுகளில் சுருக்கி அட்டையில் வைப்பது, ஊரைச் சொல்கிறது, நூலைச் சொல்வதில்லை. சுருக்குவது சுலபம். எதைச் சுருக்குகிறோம் என்பதற்குத்தான் நூலைப் படித்தாக வேண்டும்.

படித்தவர் எப்படிக் கேட்பார் என்பதற்குக் காஃப்கா உதாரணம். 1915இல் அவரது ‘உருமாற்றம்’ நூலாக வரவிருந்தபோது, அட்டையில் கதைநாயகன் உருமாறும் அந்தப் பூச்சியை வரைந்துவிடப் போகிறார்கள் என்று பயந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: பூச்சியை மட்டும் வேண்டாம், தூரத்தில் இருந்துகூடக் காட்ட வேண்டாம் என்று. கடைசியில் ஓட்டோமார் ஸ்டார்க்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு நடக்கும் ஒரு மனிதன், பின்னால் பாதி திறந்து கிடக்கும் கதவு, கதவுக்குள் இருட்டு, அவ்வளவுதான். கதையின் மிகப் பிரபலமான பொருளை ஒதுக்கிவிட்டு அதன் விளைவைக் காட்டிய அட்டை அது. ‘வாடிவாசல்’ அட்டையிலும் காளையை இப்படித்தான் வெளியே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அந்த நாவலின் பதற்றம் மாட்டில் இல்லை, மாடு வெளியே வரும் அந்தக் குறுகிய இடைவெளியில் இருக்கிறது. இரண்டு அடைப்புகள், நடுவே ஒரு சந்து. அதை வரையப் படமே தேவையில்லை. தலைப்பைப் பெரிதாக எழுதிப் பாருங்கள்: இரண்டு ‘வா’க்களின் துணைக்கால்களும் இரண்டு தூண்களாக நிற்கின்றன. இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் எழுத்தே வாசலாகிவிடும்.

தமிழில் படமில்லாத அட்டை புதிய நாகரிகம் அல்ல. ‘வாடிவாசல்’ வந்த அதே 1959இல் செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் படத்தை நம்பாமல் எழுத்தை மட்டும் நம்பி வந்தது. செல்லப்பா வத்தலக்குண்டு பக்கத்து மனிதர். புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவரது எளிமையில் கொள்கை எவ்வளவு, காசில்லாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். படத்துக்கு பிளாக் செய்யவும் பல வண்ணத்தில் அச்சடிக்கவும் ஆகும் செலவு சிற்றிதழ்க்காரரின் கைக்கு மீறியது. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்திடம்தான் இந்தச் சிக்கனம் வறுமையின் அடையாளமாக இல்லாமல் தேர்வாக மாறியது. தாள், எழுத்துரு, ஓரம் விடுவது என்று ஒவ்வொன்றிலும் அதன் பதிப்பாளர் எஸ். ராமகிருஷ்ணன் காட்டிய பிடிவாதம் தமிழ் வாசகருக்கு ஒரு புதிய பழக்கத்தைக் கொடுத்தது: எளிய அட்டை என்றால் உள்ளே தீவிரமான சரக்கு. வெளிநாட்டில் பென்குயினின் மூன்று பட்டைகளும் (1935), காலிமாரின் வெளிர் மஞ்சள் அட்டையும் (1911) செய்தது இதைத்தான். ஆனால் அவை தனி நூலின் அட்டைகள் அல்ல, வரிசையின் சீருடைகள். பட்டையின் நிறம் நாவலா, துப்பறியும் கதையா என்று சொல்லும், எந்த நாவல் என்பதைச் சொல்லாது. இன்று இங்கே ‘செவ்வியல் நாவல்’ என்று ஒரே சட்டகத்தில் வரிசை போடும்போது இந்த இரண்டும் குழம்பிவிடுகின்றன. பதிப்பகம் கேட்பது சீருடை, வாசகர் எதிர்பார்ப்பது முகம்.

எழுத்துருதான் இந்தப் பாணியின் உயிர்நிலை. மேலைநாட்டு மினிமல் அட்டை பெரும்பாலும் ஒரே உயரமுள்ள பெரிய எழுத்துகளைச் செங்கல் மாதிரி அடுக்கி நிற்பது. தமிழில் அப்படி அடுக்க முடியாது. மேலே ‘லி’, ‘ணீ’யின் சுழிகள், கீழே ‘மு’, ‘று’வின் வால்கள், பக்கத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். விலக்கினால் தலைப்பு மூன்று துண்டாகச் சிதறும். ஆங்கில அட்டையின் சட்டகத்தை எடுத்து அதில் தமிழ் எழுத்துகளை ஊற்றுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கடைசியில் எழுத்தைச் சின்னதாக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தைக் காலியாக விட்டு, ‘வெளி’ என்று பெயர் சூட்டுகிறார்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் இதை வேறு விதமாகத் தீர்த்தார். சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் கையால் எழுதிய தலைப்புகளில் எழுத்தின் வளைவே ஓவியமாகி நின்றது. வேறு படம் தேவைப்படவில்லை. கணினி எழுத்துரு வந்த பிறகு இந்தக் கைவேலை குறைந்துபோனது. அதே நான்கைந்து எழுத்துருக்களில் நாற்பது நாவல்கள் வருகின்றன.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தலைப்பின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒரே ஒரு குறியில்தான் வேறுபடுகின்றன. ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் தூரத்துப் பார்வைக்கு ஒரே சொல் திரும்ப வந்தது போலிருக்கும். ஒரே நாளில் நடந்து முடியும் கதைக்கு, விடிந்தாலும் எதுவும் மாறாத நாயகன் கந்தனின் வாழ்க்கைக்கு, இதைவிடப் பொருத்தமான அட்டை யோசனை கிடைக்காது. நூலுக்குள்ளிருந்து வந்த சிக்கனம் இது.

ஆனால் இதே நாவல்தான் இந்தப் பாணி மீதான என் மிகப் பெரிய சந்தேகத்தையும் கிளப்புகிறது. வெள்ளைப் பின்னணி, நடுவில் மெல்லிய கோட்டில் ஒரு காலி பாட்டில் அல்லது கழற்றி வைத்த வளையல், நிறைய வெற்றிடம். அழகு. அந்த அழகுதான் தொல்லை. நாகராஜன் எழுதியது விலைமாதரும் தரகரும் ரவுடிகளும் புழங்கும் சந்துகளைப் பற்றி. அவரது ‘குறத்தி முடுக்கு’க்கும் இது பொருந்தும். அவற்றின் நெரிசலும் வேர்வையும் அந்த வெள்ளை அட்டையில் கழுவித் துடைக்கப்பட்டு, வரவேற்பறை மேசையில் வைக்கத் தகுந்த பொருளாகிவிடுகின்றன. அரை உடையில் ஒரு பெண்ணைப் போட்டு விற்பது கேவலம். அதற்கு மறுப்பாகச் சிக்கன அட்டை நிற்கிறது என்பதும் உண்மை. நாகராஜனின் நடையே அலங்காரம் இல்லாதது, யாரையும் தீர்ப்பிடாதது, ஆகவே வெறும் அட்டை அதற்கு நியாயமானது என்றும் வாதிடலாம். நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலங்காரம் இல்லாததும் அழுக்கு இல்லாததும் ஒன்றல்ல. அவர் வாக்கியங்களில் சுத்தம் கிடையாது. மலிவான பழுப்புத் தாளில் ஒரே கறுப்பு மையில் அழுத்தமாக அச்சிட்ட தலைப்பு, இந்த நாவலுக்கு மேட் லேமினேஷன் போட்ட வெள்ளையைவிட நேர்மையாக இருக்கும்.

சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் (1972) வேறு வகைப் பொறி. தலைப்பே படத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது: நான்கு அலைக்கோடு, ஒரு சின்ன முக்கோணம். மெடானிலும் பினாங்கிலும் போர்க்கால நெருக்கடியில் அலையும் நாயகன் பாண்டியனின் மனத்துக்குள் மதுரைத் தெருக்கள் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி அந்தத் தோணி ஒரு சொல் சொல்லாது. தோணி இல்லாத அட்டையை யாராவது துணிந்து போட வேண்டும்.

அச்சகத்துச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெற்றிடம் மலிவு என்பது பொய். நெருக்கமான படத்தில் மறைந்துபோகும் கீறலும் விரல் ரேகையும் வெறும் பரப்பில் பளிச்சென்று தெரியும். நூறு இருநூறு பிரதி டிஜிட்டலில் அடிக்கும்போது முழுக் கறுப்பில் பட்டை விழும். திருவிழாத் திடலின் புழுதியில் சில நாள் கிடந்த வெள்ளை அட்டை விற்பனைக்கு லாயக்கற்றுப் போகும். வாசலோரம் வெயில் படும் அலமாரியில் சிவப்பு வெளுக்கும். சிவகாசியில் நல்ல அச்சுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் இந்தப் பாணி சுமாரான அச்சை மன்னிக்காது என்பதைச் சின்னப் பதிப்பகங்கள் இரண்டாவது பதிப்பில்தான் கண்டுகொள்கின்றன.

இந்தப் பாணியால் வந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. வடிவமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் போன்றவர்கள் தமிழ் அட்டையை ஒரு யோசனையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பழைய நாவலை அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துக் கல்லூரிப் பிள்ளையின் கையில் வைத்ததில் இந்த அட்டைகளுக்குப் பங்குண்டு. உதாரணமாக, ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896இல் நூலானது. ஆசிரியர் 1898இலேயே இறந்துவிட்டதால் உரிமைத் தடை ஏதும் இல்லாமல் பல பதிப்பகங்கள் போடுகின்றன. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே கதை. கடையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பதில் அட்டைக்குப் பெரும் பங்கு. மதுரைப் பக்கத்துச் சிறுகுளத்தில் ஒரு குடும்பத்தை வம்புப் பேச்சே எப்படிச் சிதைக்கிறது என்ற கதைக்கு, தாவணியும் திண்ணையும் வரைந்த அட்டையைவிட, காதருகே குவிந்த ஒரு கையை மட்டும் வைத்த அட்டை கூர்மையாக இருக்கும். இன்னும் யாரும் போடாமல் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன், புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மௌனம் காக்கும் பல அட்டைகளின் பின்பக்கத்தில் நூல் அறிமுகம் இரண்டு பத்தி, ஆசிரியர் குறிப்பு, புகைப்படம், மூன்று பிரபலங்களின் பாராட்டு, பதிப்பகத்தின் சின்னம், விலை, பார்கோடு எல்லாம் மூச்சுமுட்ட நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதை வடிவமைத்தவரும் அதே ஆள்தான். நூலைப் படித்து முடிவெடுத்த சிக்கனமாக இருந்தால் அது முன்பக்கத்தோடு நின்றிருக்காது.